குழந்தைகளின் ஊசி அச்சத்தைத் தணிக்க மெய்நிகர் உண்மை

குழந்தைகளின் ஊசி அச்சத்தைத் தணிக்க மெய்நிகர் உண்மை என்பது, தடுப்பூசி போடுதல், குருதி எடுத்தல், சிரையில் குழாய் செருகுதல் போன்ற ஊசிவழி மருத்துவச் செயல்களின்போது குழந்தைகளுக்கு ஏற்படும் அச்சத்தையும் வலியையும் குறைப்பதற்காக மெய்நிகர் உண்மைத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் முறையாகும். ஹெட்செட் எனப்படும், தலையில் அணியும் காட்சிக் கருவியின் மூலம் குழந்தை கணினியில் உருவாக்கப்பட்ட முப்பரிமாண உலகம் ஒன்றைக் காண்கிறது. அவ்வுலகில் அதன் கவனம் ஈடுபட்டிருக்கும்போது செவிலியர் ஊசியைச் செலுத்துகிறார். இது மருந்தில்லாத வலிதணிப்பு முறைகளுள் ஒன்றான கவனத் திருப்பத்தின் ஒரு வகையாகக் கருதப்படுகிறது.

தீக்காயம் பட்டவர்களின் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது ஏற்படும் கடும் வலியைக் குறைப்பதற்காக 1990களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை தொடங்கியது. பின்னர் இது ஊசிவழிச் செயல்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2010களின் நடுப்பகுதியில் மலிவான ஹெட்செட்டுகள் சந்தைக்கு வந்தபின் இத்துறையில் ஆய்வுகள் பெருகின. பல ஆய்வுகள் இம்முறையால் பயன் உண்டு எனக் காட்டினாலும், சான்றுகளின் வலு குறித்து ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

பின்னணி

*ஊசி அச்சம்*

ஊசியைக் கண்டு அஞ்சுவது குழந்தைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் இயல்பாகும். கனடாவின் டொராண்டோ நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடமும் ஏறத்தாழ 900 பெற்றோரிடமும் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வில், குழந்தைகளுள் 63 விழுக்காட்டினரும் பெற்றோருள் 24 விழுக்காட்டினரும் தமக்கு ஊசி அச்சம் இருப்பதாகக் கூறினர். 2019 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, குழந்தைகளுள் பெரும்பாலோரிடமும், வளரிளம் பருவத்தினருள் 20 முதல் 50 விழுக்காட்டினரிடமும், இளம் வயதினருள் 20 முதல் 30 விழுக்காட்டினரிடமும் ஊசி அச்சம் உள்ளதாகக் கணித்தது. வயது கூடக்கூட அச்சம் குறைந்து செல்வதை இவ்வெண்கள் காட்டுகின்றன. எனினும் சிலரிடம் அது வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடுகிறது.

அச்சம் மிகக் கடுமையாகி, அன்றாட வாழ்வையோ தேவையான மருத்துவத்தையோ தடுக்கும் அளவுக்குச் சென்றால் அது *ஊசி வெருட்சி* எனப்படும். 1994 இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் உளநோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பு, "குருதி-ஊசி-காயம்" என்னும் வகையைக் குறித்தவகை வெருட்சிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 1995 இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவர், ஊசி வெருட்சி மருத்துவர்களால் புறக்கணிக்கப்பட்ட ஒரு நோய்நிலை என்று கட்டுரை எழுதினார். ஏனைய வெருட்சிகளில் இதயத் துடிப்பும் குருதி அழுத்தமும் உயர்வதே வழக்கம். இவ்வகையிலோ அவை முதலில் உயர்ந்து, பின்னர் திடீரென வீழ்ந்து மயக்கம் ஏற்படக்கூடும்.

*அச்சத்தின் விளைவுகள்*

ஊசி அச்சம் சில நிமிட அழுகையோடு முடிந்துவிடுவதில்லை. அதன் விளைவுகளுள் சில பின்வருமாறு:

* அஞ்சும் குழந்தை உடலை இறுக்கிக்கொள்வதாலும் கையை இழுத்துக்கொள்வதாலும் ஊசி குறி தவறி, மீண்டும் குத்த நேர்கிறது. இதனால் வலியும் அச்சமும் மேலும் கூடுகின்றன.
* குழந்தையைப் பலர் சேர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய நிலை உருவாகிறது. கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட நினைவு அடுத்த மருத்துவமனை வருகையின்போதும் தொடர்கிறது.
* வலியை உண்மையில் இருந்ததைவிட மிகுதியாக நினைவில் வைத்திருக்கும் குழந்தைகள் அடுத்த முறை கூடுதல் துன்பத்திற்கு உள்ளாகின்றனர்.
* வளர்ந்தபின் தடுப்பூசி, குருதிப் பரிசோதனை, குருதிக்கொடை, பல் மருத்துவம் ஆகியவற்றைத் தவிர்க்கும் போக்கு ஏற்படுகிறது. மேற்குறித்த டொராண்டோ ஆய்வில், தடுப்பூசியைத் தவிர்த்தமைக்கு அச்சமே முதன்மைக் காரணம் என்று பெற்றோருள் 7 விழுக்காட்டினரும் குழந்தைகளுள் 8 விழுக்காட்டினரும் கூறியுள்ளனர்.

குருதிப் புற்றுநோய், தலசீமியா, முதலாம் வகை நீரிழிவு முதலிய நோய்களுடைய குழந்தைகளுக்கு ஊசி என்பது தவிர்க்க முடியாத, திரும்பத் திரும்ப வரும் நிகழ்வாகும். இவர்களுக்கு முதல் சில அனுபவங்கள் எவ்வாறு அமைகின்றன என்பது பின்வரும் ஆண்டுகளின் மருத்துவத்தையே பாதிக்கக்கூடும்.

வரலாறு

தலையில் அணியும் காட்சிக் கருவியை 1968 இல் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிக் காட்டினார். "மெய்நிகர் உண்மை" என்பதற்கு ஈடான ஆங்கிலச் சொற்றொடரை 1980களில் ஜேரன் லேனியர் பரவலாக்கினார். அக்காலக் கருவிகள் பெரியனவாகவும் மிக விலையுயர்ந்தனவாகவும் இருந்தமையால் அவை ஆய்வுக்கூடங்களிலும் வானூர்திப் பயிற்சி போன்ற துறைகளிலுமே பயன்பட்டன.

சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், உளவியலாளர் டேவிட் பேட்டர்சன் ஆகியோர் அந்நகரின் ஹார்பர்வியூ மருத்துவ மையத்தில் தீக்காய நோயாளிகளிடம் மெய்நிகர் உண்மையைப் பயன்படுத்தினர். அவர்கள் குழுவினர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, வளரிளம் பருவத்தினர் இருவரிடம் புண் பராமரிப்பின்போது செய்த ஒப்பீட்டை விவரித்தது. வழக்கமான ஒளித்தோற்ற விளையாட்டை ஆடியபோது இருந்ததைவிட, மெய்நிகர் உலகில் இருந்தபோது வலி குறைவாக உணரப்பட்டது. இப்பணிக்கெனவே அவர்கள் உருவாக்கிய "ஸ்னோவேர்ல்ட்" என்னும் பனி உலகில், நோயாளி பனிப் பள்ளத்தாக்கு ஒன்றினூடாக மிதந்து செல்வார். வழியில் தோன்றும் பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனிப்பந்துகளை எறிவார். தீயால் வெந்தவருக்குத் தீயின் நேரெதிரான குளிர்ச்சியைக் காட்டுவது இவ்வடிவமைப்பின் கருத்தாகும்.

ஊசிவழிச் செயல்களைப் பொறுத்தவரை, லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஜெஃப்ரி கோல்டு குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு முன்னோடியானவற்றுள் ஒன்றாகும். படிமப் பரிசோதனைக்காகச் சிரையில் குழாய் செருக வேண்டியிருந்த 20 குழந்தைகள் அதில் பங்கேற்றனர்.

2014 இல் அட்டையாலான எளிய காட்சிக் கருவியான கூகுள் கார்ட்போர்டும், 2016 இல் ஆக்குலஸ் ரிஃப்ட் போன்ற கருவிகளும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தன. கணினியுடன் கம்பியால் இணைக்கத் தேவையில்லாத, தனித்தியங்கும் கருவிகள் அதன்பின் பரவின. இம்மாற்றங்களே இம்முறையை ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்தன. 2017 இல் பிரேசில் நாட்டில் ஹெர்மிஸ் பார்டினி என்னும் ஆய்வக நிறுவனம், தடுப்பூசி போடும் நிகழ்வையே ஒரு வீரக் கதையின் பகுதியாக மாற்றிக் காட்டும் திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அது பன்னாட்டு ஊடகங்களின் கவனத்தைப் பெற்றது.

செயற்படும் விதம்

மெய்நிகர் உண்மை வலியை எவ்வாறு குறைக்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

*கவன எல்லை:* மனிதரின் கவனத்திற்கு ஓர் எல்லை உண்டு. வலியை உணர்வதற்கும் கவனம் தேவைப்படுகிறது. கண், காது, கை ஆகிய மூன்றையும் ஒருசேர ஈர்க்கும் உலகத்தில் குழந்தை ஈடுபட்டிருக்கும்போது, வலிச் செய்தியைக் கவனிக்க எஞ்சும் கவனம் குறைகிறது.

*வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு:* 1965 இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகியோர் முன்வைத்த இக்கோட்பாட்டின்படி, வலிச் செய்திகள் தண்டுவடத்திலுள்ள ஒரு வகை "வாயில்" வழியாகவே மூளையை அடைகின்றன. மூளையிலிருந்து கீழிறங்கும் செய்திகள் அவ்வாயிலைத் திறக்கவோ மூடவோ இயலும். எனவே அச்சம், எதிர்பார்ப்பு, கவனம் போன்ற உளநிலைகள் வலியின் அளவை மாற்றுகின்றன.

*காட்சியை மறைத்தல்:* ஹெட்செட் ஊசியையும் குருதியையும் மருத்துவமனை அறையையும் பார்வையிலிருந்து முற்றாக மறைக்கிறது. கைபேசியிலோ தொலைக்காட்சியிலோ படம் பார்க்கும் குழந்தை கண்ணைத் திருப்பினால் ஊசியைக் காணும். ஹெட்செட் அணிந்த குழந்தை எப்பக்கம் திரும்பினாலும் மெய்நிகர் உலகமே தெரியும்.

*பொருள் மாற்றம்:* சில நிரல்களில், தோலில் உணரப்படும் தொடுகைக்குக் கதைக்குள் வேறொரு பொருள் கொடுக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ஸ்மைலிஸ்கோப் என்னும் நிரலில் குழந்தை கடலுக்கடியில் பயணம் செய்கிறது. தோலைத் துடைக்கும் குளிர்ச்சி, கையில் மோதும் அலையாகிறது. ஊசியின் குத்தல், சிறு மீன்கள் கடிக்கும் குறுகுறுப்பாகிறது.

2004 இல் ஹாஃப்மன் குழுவினர் நலமான எட்டுப் பேரிடம் செயற்பாட்டுக் காந்த ஒத்ததிர்வுப் படிமம் மூலம் மூளையை ஆராய்ந்தனர். பாதத்தில் கட்டுப்படுத்தப்பட்ட வெப்பத்தால் வலி ஏற்படுத்தப்பட்டது. அவர்கள் மெய்நிகர் உலகில் இருந்தபோது, வலியுடன் தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளில் செயற்பாடு குறைந்தது. தலாமசு, இன்சுலா, முன் சிங்குலேட் புறணி, முதல்நிலை உடலுணர்வுப் புறணி, இரண்டாம்நிலை உடலுணர்வுப் புறணி ஆகியன அவை. வலி குறைந்ததாகப் பங்கேற்பாளர்கள் வாயால் கூறியதோடு மூளையின் செயற்பாடும் ஒத்திருந்தமை இவ்வாய்வின் சிறப்பாகும்.

நடைமுறை

மருத்துவமனைக்கு மருத்துவமனை நடைமுறை வேறுபட்டாலும், பொதுவாகப் பின்வரும் படிநிலைகள் பின்பற்றப்படுகின்றன:

1. என்ன நடக்கப் போகிறது என்பது குழந்தையின் வயதுக்கேற்ற மொழியில் முன்னரே கூறப்படுகிறது. ஊசி போடப்படும் என்ற உண்மை மறைக்கப்படுவதில்லை.
2. ஹெட்செட் அணிய விருப்பமா என்று குழந்தையிடம் கேட்கப்படுகிறது. காட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பெரும்பாலும் குழந்தைக்கே அளிக்கப்படுகிறது.
3. ஊசிக்குச் சில நிமிடங்கள் முன்னரே ஹெட்செட் பொருத்தப்படுகிறது. குழந்தை மெய்நிகர் உலகத்துடன் பழகுவதற்கு இந்த இடைவெளி தேவை.
4. குழந்தை பெற்றோரின் மடியிலோ நாற்காலியிலோ நிமிர்ந்து அமர்கிறது. ஊசி போடப்படும் கை அசையாதிருக்குமாறு தாங்கப்படுகிறது.
5. செவிலியர் கையில் பட்டையைக் கட்டி, தோலைத் துடைத்து, ஊசியைச் செலுத்துகிறார். பெற்றோரோ மற்றொரு பணியாளரோ காட்சியைப் பற்றிக் குழந்தையிடம் பேசிக்கொண்டிருக்கலாம்.
6. ஊசி எடுக்கப்பட்டபின்னும் காட்சி சிறிது நேரம் தொடர்கிறது. பின்னர் குழந்தை நன்றாகச் செய்த செயல்களைக் குறிப்பிட்டுப் பாராட்டுகின்றனர்.

ஊசிவழிச் செயல்களுக்கான நிரல்களில் கைகளை மிகுதியாக அசைக்கத் தேவையில்லாதவாறு வடிவமைப்பது இன்றியமையாதது. இதனால் பல விளையாட்டுகள் தலையைத் திருப்பிப் பார்ப்பதன் மூலமே ஆடத்தக்கவையாக உள்ளன. கையில் பிடிக்கும் கருவி தேவைப்பட்டால், ஊசி போடப்படாத கையில் அது கொடுக்கப்படுகிறது. கதையும் தொடுகையும் ஒத்திசைய வேண்டிய நிரல்களில், குழந்தை காணும் காட்சியைச் செவிலியர் தனித்திரையில் பார்த்து அதற்கேற்பச் செயற்படுகிறார்.

பெற்றோரின் பேச்சும் இதில் பங்கு வகிக்கிறது. "ஒன்றும் ஆகாது", "பயப்படாதே" என்று மீண்டும் மீண்டும் கூறுவது குழந்தையின் துன்பத்தைக் கூட்டக்கூடும் என்று குழந்தை உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. அச்சப்பட ஏதோ உள்ளது என்ற செய்தியையே இத்தகைய சொற்கள் குழந்தைக்குத் தருகின்றன. காட்சியில் தெரிவதைப் பற்றி வினவுவது இதைவிடப் பயனுள்ளதாகும்.

ஆய்வு முடிவுகள்

*லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வுகள்*

மேற்குறித்த 2006 ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான முறையில் குழாய் செருகப்பட்ட குழந்தைகளிடம் வலியின் உணர்ச்சிக்கூறு நான்கு மடங்கு உயர்ந்தது. மெய்நிகர் உண்மையைப் பயன்படுத்திய குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. அதே மருத்துவமனையில் 2018 இல் வெளியான பெரிய ஆய்வில் 10 முதல் 21 வயது வரையுள்ள 143 நோயாளிகளும், அவர்களின் பராமரிப்பாளர்களும், குருதி எடுத்த பணியாளர்களும் பங்கேற்றனர். மெய்நிகர் உண்மை பயன்படுத்தப்பட்ட குழுவில் வலியும் பதற்றமும் குறைவாக இருந்தன.

*ஆஸ்திரேலிய ஆய்வுகள்*

2019 இல் வெளியான கட்டுரை ஒன்று, 4 முதல் 11 வயது வரையுள்ள 254 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட இரு ஆய்வுகளை விவரித்தது. ஒன்று அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் மற்றொன்று குருதிப் பரிசோதனைப் பிரிவிலும் நடைபெற்றது. அவசரப் பிரிவில் வழக்கமான கவனிப்பைப் பெற்ற குழந்தைகளின் வலி உயர்ந்தது. ஹெட்செட் அணிந்தவர்களின் வலி தொடக்க நிலையிலிருந்து மாறவில்லை. பரிசோதனைப் பிரிவில் இரு குழுக்களிலும் வலி உயர்ந்தாலும், ஹெட்செட் அணிந்தவர்களிடம் உயர்வு குறைவாக இருந்தது. சிறு பக்க விளைவுகள் இரு தரப்பிலும் சம அளவில் இருந்தன.

*ஹாங்காங் ஆய்வு*

2023 இல் வெளியான ஹாங்காங் ஆய்வில் 4 முதல் 12 வயது வரையுள்ள 149 குழந்தைகள் பங்கேற்றனர். மெய்நிகர் உண்மைக் குழுவில் வலியும் பதற்றமும் குறைந்தன. செயல்முறைக்கான நேரமும் குறைந்தது: வழக்கமான முறையில் சராசரியாக 6.56 நிமிடங்கள் ஆன பணி, 4.43 நிமிடங்களில் முடிந்தது. ஹெட்செட் பொருத்துவதால் பணி தாமதமாகும் என்ற பொதுவான தயக்கத்திற்கு இது ஒரு மறுமொழியாக அமைகிறது.

*டென்மார்க் ஆய்வு*

எல்லா ஆய்வுகளும் சாதகமான முடிவைத் தரவில்லை. 2019 இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 7 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகள் பங்கேற்றனர். இரு குழுவினருக்கும் தோலை மரக்கச் செய்யும் மருந்து பூசப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவினர் கைபேசி போன்ற கருவியில் விளையாடினர். இரு குழுக்களிலும் வலி குறைவாகவே இருந்தது. அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் ஹெட்செட் அணிந்த குழந்தைகள் கூடுதல் மனநிறைவைத் தெரிவித்தனர். ஏற்கெனவே நல்ல கவனிப்பு அளிக்கப்படும் இடத்தில் புதிய கருவியால் கிட்டும் கூடுதல் பயன் சிறிதாக இருக்கலாம் என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

*தொகுப்பாய்வுகள்*

மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020 இல் குழந்தைகளின் கடும் வலிக்கு மெய்நிகர் உண்மையைப் பயன்படுத்துவது பற்றிய தொகுப்பாய்வை வெளியிட்டது. இதில் 4 முதல் 18 வயது வரையுள்ள 1008 பேர் பங்கேற்ற 17 ஆய்வுகள் இடம்பெற்றன. சான்றுகளின் உறுதி குறைவு அல்லது மிகக் குறைவு என்றும், திட்டவட்டமான முடிவுக்கு வர இயலாது என்றும் அது கூறியது. இத்தொகுப்பு ஊசிவழிச் செயல்களை மட்டுமல்லாது வேறு வலிமிகு செயல்களையும் உள்ளடக்கியது. மறுபுறம், ஊசி வலிக்கான உளவியல் முறைகள் அனைத்தையும் பற்றி அதே அமைப்பு 2018 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 59 ஆய்வுகளையும் 5550 பங்கேற்பாளர்களையும் கருத்திற்கொண்டு, கவனத் திருப்பத்தால் வலியும் துன்பமும் குறைவதற்குச் சான்று உள்ளதாகக் கூறியது. ஆகவே கவனத்தைத் திருப்புவது பயனுள்ளது என்பதில் ஐயம் குறைவு. அதற்கு ஹெட்செட் தேவையா என்பதே கேள்வியாகும்.

அளவிடும் முறைகள்

வலியும் அச்சமும் ஒருவரின் அகவுணர்வுகள். அவற்றை வெப்பநிலைபோல் கருவியால் நேரடியாக அளக்க இயலாது. எனவே ஆய்வுகளில் பின்வரும் அளவுகோல்கள் பயன்படுத்தப்படுகின்றன:

* *முகவடிவ வலி அளவுகோல்:* வலியில்லாத முகத்திலிருந்து கடும் வலியுள்ள முகம் வரை வரிசையாக வரையப்பட்ட படங்களுள் ஒன்றைக் குழந்தை சுட்டிக்காட்டும். 2001 இல் திருத்தியமைக்கப்பட்ட வடிவத்தில் ஆறு முகங்கள் உள்ளன.
* *குழந்தைகள் அச்ச அளவுகோல்:* ஐந்து முகங்களைக் கொண்டது. வலியை அன்றி அச்சத்தை மட்டும் அளக்கிறது.
* *நேர்கோட்டு அளவுகோல்:* ஒரு கோட்டின் இரு முனைகளுக்கு இடையே வலியின் அளவைக் குறிப்பது. சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு ஏற்றது.
* *நடத்தைக் கண்காணிப்பு:* அழுகை, முகச்சுளிப்பு, கால் அசைவு முதலியவற்றைப் பயிற்சி பெற்றவர் கண்டு மதிப்பெண் இடுவது.
* *உடலியல் அளவீடுகள்:* இதயத் துடிப்பு போன்றவை.

பிற முறைகளுடன் ஒப்பீடு

ஊசி வலியைக் குறைக்கும் வேறு முறைகளும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன.

* *மரக்கச் செய்யும் களிம்பு:* லிடோகெயின், பிரிலோகெயின் ஆகியன கலந்த களிம்பு தோலை மரக்கச் செய்கிறது. வலியை அது நேரடியாகத் தடுத்தாலும், செயற்பட ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஊசியைப் பற்றிய அச்சத்தை அது தானாக நீக்குவதில்லை.
* *தாய்ப்பாலூட்டல், சர்க்கரைக் கரைசல்:* கைக்குழந்தைகளுக்கு ஏற்றவை. ஹெட்செட் அணிய இயலாத வயதினருக்கு இவையே முதன்மையானவை.
* *குளிரும் அதிர்வும்:* ஊசி போடும் இடத்திற்கு மேலே அதிரும் சிறு கருவியும் பனிப்பொதியும் வைக்கப்படுகின்றன. இதனை மெய்நிகர் உண்மையுடன் ஒப்பிட்ட துருக்கி ஆய்வு ஒன்றில், இரண்டுமே வழக்கமான முறையைவிட வலியைக் குறைத்தன.
* *எளிய கவனத் திருப்பம்:* கதை, பாடல், சோப்புக் குமிழி ஊதுதல், பொம்மை, கைபேசிப் படம் ஆகியன. செலவு மிகக் குறைவு.
* *மூச்சுப் பயிற்சி, தசை இறுக்கப் பயிற்சி:* மயக்கம் வரும் இயல்புடையவர்களுக்குக் கை, கால் தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறை குருதி அழுத்தம் வீழாதிருக்க உதவுகிறது. இதனை 1980களில் சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் உருவாக்கினார்.

உலக சுகாதார அமைப்பு 2015 இல் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. குழந்தையைப் பெற்றோர் மடியில் வைத்துக்கொள்ளுதல், கைக்குழந்தைக்குப் பாலூட்டுதல், பல ஊசிகள் இருப்பின் வலி மிகுந்ததைக் கடைசியில் போடுதல், தசையில் போடும்போது ஊசியைப் பின்னிழுத்துப் பார்ப்பதைத் தவிர்த்தல் ஆகிய செலவில்லாத வழிகளை அது பரிந்துரைத்தது. செலவும் நேரமும் கருதி, மரக்கச் செய்யும் களிம்பை உலகளாவிய திட்டங்களில் புகுத்த அது பரிந்துரைக்கவில்லை. ஒரு களிம்புக்கே இத்தகைய வரம்பு இருக்கையில், ஹெட்செட்டைப் பொதுத் தடுப்பூசி முகாம்களுக்குக் கொண்டுசெல்வது எளிதன்று.

வரம்புகளும் பக்க விளைவுகளும்

* *குமட்டல், தலைச்சுற்றல்:* கண் அசைவை உணர, உடல் அசையாதிருப்பதால் சிலருக்கு இவை தோன்றுகின்றன. மெதுவாக நகரும் காட்சிகளில் இது குறைவு.
* *வயது:* பெரும்பாலான ஆய்வுகள் நான்கு வயதுக்கு மேற்பட்டோரிடமே நடைபெற்றுள்ளன. பொதுச் சந்தைக்கான கருவிகளுக்கு உற்பத்தியாளர்கள் வயது வரம்பு விதிக்கின்றனர். எடுத்துக்காட்டாக, மெட்டா நிறுவனம் 13 ஆக இருந்த வரம்பை 2023 இல் பெற்றோர் கண்காணிப்புடன் 10 ஆகக் குறைத்தது. மருத்துவமனைகளில் பயன்பாடு சில நிமிடங்களே நீடிப்பதாலும் மேற்பார்வையில் நடப்பதாலும் இளையோரும் சேர்க்கப்படுகின்றனர்.
* *உடல்நிலை:* ஒளிமாற்றத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள், தலையிலோ முகத்திலோ புண் அல்லது தொற்று உள்ளவர்கள், கடும் குமட்டல் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.
* *தொற்று:* முகத்தில் படும் கருவி என்பதால் ஒவ்வொருவருக்குப் பின்னரும் துடைத்துத் தூய்மையாக்க வேண்டும். பஞ்சுறையை விடத் துடைக்கத்தக்க உறைகள் விரும்பப்படுகின்றன.
* *ஆளுமை வேறுபாடு:* சில குழந்தைகள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கவே விரும்புகின்றனர். எப்போது குத்துவார்கள் என்று தெரியாதிருப்பது அவர்களின் அச்சத்தைக் கூட்டுகிறது. இத்தகையோருக்குக் கண்ணை மறைக்கும் கருவி பொருந்தாது.

விமர்சனங்கள்

இத்துறை ஆய்வுகளில், பங்கேற்பாளருக்குத் தாம் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதை மறைக்க இயலாது. ஹெட்செட் அணிந்த குழந்தைக்கு அது தெரியும். புதுமையால் ஏற்படும் ஆர்வமே முடிவைப் பாதித்திருக்கலாம். பல ஆய்வுகள் சிறியவை. அவற்றில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட "வழக்கமான கவனிப்பு" என்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. எதுவும் செய்யாமல் ஊசி போடுவதுடன் ஒப்பிட்டால் ஹெட்செட் பெரும் பயன் தருவதாகத் தோன்றும். களிம்பும் கைபேசி விளையாட்டும் உள்ள இடத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு சுருங்கும்.

ஒழுக்கவியல் நோக்கிலும் ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது. குழந்தைக்குத் தெரியாமல் ஊசி போட்டுவிடும் தந்திரமாக இதனைப் பயன்படுத்துவது நம்பிக்கையைக் குலைக்கும். ஏமாற்றப்பட்டதாக உணரும் குழந்தை அடுத்த முறை கருவியையே அஞ்சக்கூடும். இதனாலேயே, நடப்பதை முன்னரே சொல்லி, குழந்தையின் ஒப்புதலைப் பெற்றபின் பயன்படுத்துவது வலியுறுத்தப்படுகிறது.

வெளிப்படுத்தல் சிகிச்சையிலிருந்து வேறுபாடு

மெய்நிகர் உண்மை வெருட்சிச் சிகிச்சையிலும் பயன்படுகிறது. ஆனால் அதன் நோக்கம் நேரெதிரானது. *வெளிப்படுத்தல் சிகிச்சையில்* அஞ்சும் பொருளை நோயாளி சிறிது சிறிதாக எதிர்கொள்கிறார். முதலில் ஊசியின் படம், பின்னர் மெய்நிகர் ஊசி, இறுதியில் உண்மையான ஊசி என்று படிப்படியாக அச்சம் தணிகிறது. கவனத் திருப்பத்திலோ அஞ்சும் பொருள் மறைக்கப்படுகிறது. முன்னது அச்சத்தின் வேரை நாடுவது. பின்னது அன்றைய ஊசியைக் கடக்க உதவுவது. கடும் ஊசி வெருட்சி உடைய குழந்தைக்குக் கவனத் திருப்பம் மட்டும் போதாது. அத்தகையோருக்கு உளவியலாளரின் வழிகாட்டலில் வெளிப்படுத்தல் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

ஏற்பு

ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2021 இல் பெரியவர்களின் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான மெய்நிகர் உண்மைக் கருவி ஒன்றுக்கு இசைவளித்தது. 2023 இல் ஸ்மைலிஸ்கோப் கருவியும் அந்நிருவாகத்தின் இரண்டாம் வகுப்பு மருத்துவக் கருவியாக இசைவு பெற்றது. இதனால் மெய்நிகர் உண்மை பொழுதுபோக்குக் கருவி என்ற நிலையிலிருந்து மருத்துவக் கருவி என்ற நிலைக்கு நகர்ந்துள்ளது. எனினும் களிம்பு, பெற்றோரின் அணைப்பு, உண்மையான விளக்கம் ஆகியவற்றுக்கு இது மாற்றாகாது. அவற்றுடன் சேர்த்துப் பயன்படுத்தத்தக்க ஒரு துணைமுறையாகவே கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* மெய்நிகர் உண்மை
* தடுப்பூசி
* வெருட்சி
* வலி
* வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு
* குழந்தை மருத்துவம்